அந்த மூன்று மணி நேரம்

அக்காவின் குடலில் இருந்த கட்டியை எடுத்து இரண்டாம் நாள். வலியைப் பற்றிச் சொல்வாள், தையலைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டுதான் வார்டுக்குள் போனேன். அவள் என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகப் பேசினாள்.

"தம்பி, மூஞ்சியில எதையோ வெச்சு மூச்சை இழுங்கம்மான்னாங்க. ஒரு தடவை இழுத்தேன். கண்ணைத் தொறந்தா எல்லாம் முடிஞ்சுபோச்சுங்கறாங்க. மூணு மணி நேரமாம். தூங்கி எழுந்தா தூங்கினோம்னு தெரியும்ல? இது அப்படி இல்லடா. நடுவுல ஒண்ணுமே இல்ல. அந்த மூணு மணி நேரம் நான் எங்க இருந்தேன்?"

எனக்கு இப்போது 78 வயது. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். 1954 நவம்பர் 1 அன்று இங்கே கொடி மாறியபோது அவளுக்குப் பதினான்கு வயது. கடைசிவரை சில்லறை எண்ணும்போது வாய்க்குள் 'அன், தெ, த்ருவா' என்றுதான் எண்ணுவாள். நான் 34 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். மிக்சி ஏன் புகைகிறது என்பதிலிருந்து கிரகணத்தன்று சாப்பிடலாமா என்பதுவரை எங்கள் குடும்பத்தில் எந்தக் கேள்வியும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். வந்த கேள்விக்கு ஒரு விடையைக் கொடுத்து அனுப்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அன்றும் கொடுத்தேன். "நீ எங்கயும் போகலக்கா. உலகத்துல இருக்கற எல்லாப் பொருளும் உள்ளுக்குள்ள அலைதான். நீயும் அலை, நானும் அலை. அலை அடங்கினா கடல்தான். அறிவுங்கறது இந்த உடம்போட முடியற சமாச்சாரம் இல்ல, எங்கும் பரவிக் கெடக்கு. குவாண்டம்னு ஒண்ணு இருக்கு. அதுல இதை விஞ்ஞானமே நிரூபிச்சுடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அலைன்னு சொல்லாதடா" என்றாள்.

எனக்கு உறைத்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் அந்தச் சொல்லின் எடையே வேறு. அக்கா வீட்டு வாசலில் இருபது வருஷமாகக் கூடையை இறக்கி வைத்து, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போன கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரவே இல்லை. அக்கா ரொம்ப நாள் கடல் மீன் வாங்காமல் இருந்தாள். அப்படிப்பட்டவளிடம் போய் நீ ஓர் அலை என்று சொல்லியிருக்கிறேன். அவசரமாகச் சொல்லை மாற்றினேன். "சரி, அதிர்வுன்னு வெச்சுக்கயேன்."

"விஞ்ஞானமே சொல்லிடுச்சா?"

"ஆமாக்கா."

அவள் முகம் தெளிந்தது. சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தம்பி சயின்சு வாத்தியார், அவன் சொன்னான், நிரூபிச்சுட்டாங்களாம். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கோட்டுச்சேரியில் அவள் வீட்டுக்குப் போனேன். முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வெல்வெட் பெட்டி. அதற்குள் செம்பு நிறத்தில் வட்டமாக ஒரு பதக்கம், கறுப்புக் கயிற்றில். குவாண்டம் பதக்கமாம். கழுத்தில் போட்டுக்கொண்டால் உடம்பின் அதிர்வைச் சரிசெய்து கட்டி திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுமாம். விலை 6,500 ரூபாய். அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது நான் சொல்றதில்லம்மா, விஞ்ஞானமே நிரூபிச்சுடுச்சு."

அக்கா தலையணைக்கடியிலிருந்து பணத்தை ஏற்கெனவே எடுத்து மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா தம்பி. நீ அன்னிக்குச் சொன்னதைத்தான் இவரும் சொல்றாரு" என்றாள்.

அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் கொண்டுவந்த வாக்கியத்தை அனுப்ப முடியவில்லை. அது என் வாக்கியம். அதிர்வு என்ற சொல்லைக்கூட அவளுக்கு நான்தான் கொடுத்திருந்தேன். 6,500 ரூபாய் போகாமல் தப்பியது. அவள் மனதில் நான் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் அவர் உள்ளே வந்தார் என்ற எண்ணம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. திருநள்ளாற்றுக் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்று போகின்றன, அமெரிக்க விஞ்ஞானிகளே வியந்து நிற்கிறார்கள் என்று ஒரு கதை எங்கள் பக்கம் வெகுகாலமாகச் சுற்றிவருகிறது. வகுப்பில் அதை விடாமல் மறுத்துவந்தவன் நான். சுற்றிவரும் வேகம்தான் செயற்கைக்கோளை மேலே வைத்திருக்கிறது, அது நின்றால் கீழே விழும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். அங்கே நளன் குளத்தில் மூழ்கி எழுகிறவர் யாரும் அமெரிக்காவின் சான்றிதழைக் கேட்டு வரவில்லை, நம்பிக்கைக்கு ஏன் பொய்ச் சாட்சி வைக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். என் அக்காவின் பயத்துக்கு நான் வைத்ததும் அதே பொய்ச் சாட்சிதான்.

அதன்பிறகு உட்கார்ந்து படித்தேன். முன்பு படித்தவை மூன்று நான்கு வெகுஜனப் புத்தகங்கள், அவையும் அரைகுறை. இந்தத் தடவை பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு படித்தேன்.

பொருளுக்கு அலைத் தன்மை உண்டு என்பதில் பொய் இல்லை. 1924இல் பாரீசில் லூயி த ப்ராய் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதை முன்வைத்தார். அந்த வருஷம் நாங்களும் பாரீசின் ஆளுகையில்தான் இருந்தோம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மூன்றே வருஷத்தில், 1927இல், எலக்ட்ரான்கள் அலைபோல வளைந்து பரவுவதைச் சோதனையில் பார்த்தார்கள். 1989இல் ஜப்பானில் டோனோமுராவின் குழு எலக்ட்ரானை ஒவ்வொன்றாக, இரண்டு வழிகள் திறந்திருக்கும்படி அனுப்பிப் படமே எடுத்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரிகூட இல்லை, சிதறிய கடுகுபோல. ஆயிரக்கணக்கில் சேரச் சேர, வெளிச்ச வரியும் இருட்டு வரியுமாகப் படம் எழுகிறது. தனியாக வந்த எலக்ட்ரான் இரண்டு வழியிலும் வந்ததுபோல நடந்துகொள்கிறது. எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் வரிகள் போய்விடுகின்றன.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். 'பார்த்தால் மாறிவிடுகிறது' என்று எழுதிவிட்டார்கள். பார்ப்பது என்றால் நமக்குக் கண், கண்ணுக்குப் பின்னால் மனம். ஆக மனம்தான் உலகத்தை உண்டாக்குகிறது என்று அடுத்த படிக்குத் தாவிவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. எலக்ட்ரான் போன வழியின் தடம் வெளியே எங்காவது பதிந்துவிட்டால் போதும், அதுவே பார்த்தல். வியன்னாவில் ஆன்டன் சைலிங்கரின் குழு 1999இல் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த, கால்பந்து வடிவ மூலக்கூறுகளையே இப்படி அலையாக்கிக் காட்டியது. 2004இல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறை எடுத்து, லேசரால் சூடேற்றி அனுப்பினார்கள். சூடான மூலக்கூறு போகிற போக்கில் ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளி அது இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சூடு ஏற ஏற வரிகள் மங்கின. அந்த ஒளியை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. யாரும் பார்க்கத் தேவையும் இல்லை.

குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான நீல்ஸ் போர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர். அளவீடு என்பது கருவியில் அழிக்க முடியாத ஒரு தடம் விழுவது என்பது அவர் நிலை. அந்தப் போர் 1960இல் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் அல்லாடி குடும்பத்தின் 'ஏகாம்ர நிவாஸ்' வீட்டில் உட்கார்ந்து, மாணவர்களோடு பேசியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டிலேயே இளைஞர்களைக் கூட்டிவைத்துக் கோட்பாட்டு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. போர் அவர்களை மனமாரப் பாராட்டியது பிரதமர் நேருவின் காதுவரை போய், 1962 ஜனவரி 3இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. நம் ஊர்க் கூடத்தில், பாய் விரிக்கிற மாதிரியான இடத்தில், இந்தக் கேள்விகள் பேசப்பட்டிருக்கின்றன.

ஆனால் என்னை எழுப்பி உட்காரவைத்தவர் யூஜின் விக்னர். 1963இல் நோபல் பரிசு வாங்கிய பெரிய மனிதர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1961இல், மனமும் உடலும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அளவீட்டை முடித்துவைப்பது பார்க்கிறவரின் பிரக்ஞைதான் என்று அதில் வாதிட்டார். நான் அக்காவிடம் சொன்னதற்கு யாரையாவது பெயர் சொல்லிச் சாட்சி கூப்பிடலாம் என்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். 1970இல் டீட்டர் சே என்ற ஜெர்மானியர், சுற்றியுள்ள காற்றும் ஒளியும் சூடும் உரசுவதாலேயே அலைத் தன்மை எப்படிக் குலைந்துபோகிறது என்று எடுத்துக்காட்டினார். விக்னர் அதைப் படித்தார். யோசித்தார். பிற்பாடு தன் பழைய கருத்தை விட்டுவிட்டதாக எழுதினார்.

நோபல் பரிசு வாங்கிய ஒருவர், உலகமே மேற்கோள் காட்டும் தன் கருத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறார். எனக்குக் கோட்டுச்சேரிவரை பஸ் ஏறிப் போக என்ன தடை?

தடை இருந்தது. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தவன் நான். அதைக் கலைப்பதா என்று நான்கைந்து நாள் தள்ளிப்போட்டேன். காரைக்காலில் பிறந்தவன் இந்த இடத்தில், பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியை நினைக்காமல் இருக்க முடியாது. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குப் படைத்துவிட்டாள். கணவன் ஒன்றைத் தின்று முடித்து இன்னொன்றையும் கேட்டபோது, வேண்டினாள், கைக்கு ஒரு கனி வந்தது. இதன் ருசி வேறாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டான். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொய் போதும், அவள் குடித்தனம் பிழைத்திருக்கும். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. இன்னொன்று வரவழை என்றான், வந்தது, அவன் கைக்குப் போனதும் மறைந்தது. அவன் பயந்து, கப்பல் ஏறி, அவளை விட்டே போனான். அந்தக் கனி தோன்றி மறைந்ததைப் பற்றிப் பையன்கள் என்னிடம் ஆர்வமாகக் கேட்பார்கள், சார், இது குவாண்டமா என்று. இல்லை என்பேன். அது பக்தியின் கதை, அதை அதன் இடத்திலேயே வைத்துக் கும்பிடு என்பேன். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் நெஞ்சில் நிற்பது கனி வந்த அதிசயத்தைவிட அவள் சொன்ன பதில்தான். நம்ப முடியாத உண்மையை, நஷ்டம் வரும் என்று தெரிந்தும், அவள் சொன்னாள். நான் நம்ப வசதியான பொய்யைச் சொன்னேன், அதுவும் என்னை நம்பித் தீர வேண்டிய நிலையில் படுத்திருந்தவளிடம்.

போனேன். "அக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது சரியில்ல. விஞ்ஞானம் அப்படியெல்லாம் நிரூபிக்கல. மயக்க மருந்து குடுத்தா 'நான்'ங்கறது எங்க போவுது, திரும்ப எப்படி அதே ஆளா வருதுன்னு இதுவரை யாருக்கும் தெரியாது."

அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன்டா சொன்ன?"

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "யாருக்குமே தெரியாதா? பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கும்?"

"தெரியாதுக்கா. மயக்க மருந்தைக் கண்டுபிடிச்சு 170 வருஷத்துக்கு மேல ஆச்சு. அது மூளையில எந்த இடத்துல போயி ஒட்டுதுன்னு ஓரளவுக்குச் சொல்றாங்க. அதுக்கு மேல இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"நான் அஞ்சாவதோட நின்னதாலதான் புரியலைன்னுல்ல இத்தனை நாளா நினைச்சேன்" என்றாள். சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நான் கேட்டது நல்ல கேள்விதான்."

அவள் குரலில் இருந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்கிறேன் என்று நான் அவளிடமிருந்து பறித்தது எது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்பதற்கு அவளிடம் இன்னும் எவ்வளவோ இருந்தது. நிரூபித்தாகிவிட்டது என்று சொல்லி நான் அவள் வாயை மூடியிருந்தேன். இரண்டு மாதம், அவளுக்கு மிச்சமிருந்ததில் இரண்டு மாதம், அந்தக் கேள்வி பூட்டிக்கிடந்தது.

அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் பேரனின் லேசர் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் சீப்பிலிருந்து ஒரு நரைமுடியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே செங்குத்தாக இழுத்துப் பிடித்து, சிவப்பு ஒளியை அதன்மேல் அடித்தேன். எதிர்ச் சுவரில் ஒரே புள்ளியாக இருந்தது குறுக்கே நீண்டு, நடுநடுவே இருட்டு விட்டு, இடமும் வலமுமாகப் புள்ளிப் புள்ளியாகப் பரவியது. ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி. முடியைக் கொஞ்சம் சாய்த்தால் வரிசை முழுதும் சாய்ந்தது. பள்ளியில் வருஷா வருஷம் காட்டியதுதான். அவள் சுவரில் பார்த்தபோது எனக்கே புதிதாக இருந்தது.

"என் மயிரா இப்படிப் பண்ணுது?"

வெளிச்சம் அலையாக இருப்பதால் முடியின் இரண்டு பக்கமும் சுற்றிவந்து ஒன்றோடொன்று கலக்கிறது என்றேன். பிறகு எலக்ட்ரானைச் சொன்னேன், தடம் விழுந்தால் வரிகள் மறைவதைச் சொன்னேன், பார்க்கிறவர் மனம்தான் காரணம் என்று கொஞ்ச காலம் சிலர் நினைத்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "மனுசன் பாத்தாத்தான் கணக்கா? ஒரு ஈ பாத்தா?" என்றாள்.

நான் லேசரை அணைத்துவிட்டேன். ஜான் பெல் 1990இல் எழுதிய கடைசிக் கட்டுரைகளில் ஒன்றில் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். அளவிட ஒரு ஜீவன் வேண்டும் என்றால், முதல் ஒற்றைச் செல் உயிர் தோன்றும்வரை உலகம் காத்திருந்ததா, இல்லை இன்னும் தகுதி வாய்ந்த, முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் வரும்வரை காத்திருந்ததா என்கிற மாதிரி. குவாண்டம் உலகின் விசித்திரத்தைச் சோதித்துப் பார்க்க வழி செய்தவர் பெல். அவர் போட்ட கோட்டில் நடந்துதான் 2022இல் மூன்று பேர் நோபல் பரிசு வாங்கினார்கள், வியன்னாவின் சைலிங்கரும் அதில் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற அக்கா, கோட்டுச்சேரிக் கூடத்தில் ஓர் ஈயை வைத்து அவர் நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள்.

குவாண்டத்தையும் பிரக்ஞையையும் இணைத்துப் பேசுகிற எல்லோரும் பதக்கம் விற்பவர்கள் இல்லை. இதை அவளுக்குச் சொல்லாமல் விட்டால் அதுவும் நியாயமில்லை என்று ரோஜர் பென்ரோஸைப் பற்றிச் சொன்னேன். 2020இல் கருந்துளைக்காக நோபல் பெற்றவர். 1989இலேயே புத்தகம் எழுதி, மனம் வெறும் கணக்குப் போடும் இயந்திரம் இல்லை, குவாண்டத்தில் நமக்கு இன்னும் பிடிபடாத ஒன்று அதில் இருக்கிறது என்றார். பிறகு ஸ்டூவர்ட் ஹாமராஃப் அவரோடு சேர்ந்தார். நரம்புச் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் அது நடக்கிறது என்பது இருவரின் கருத்து. ஹாமராஃப் யார் தெரியுமா என்று கேட்டேன். அமெரிக்காவில் மயக்க டாக்டர்.

அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "எத்தனை பேருக்கு மூக்குல வெச்சிருப்பாரு! அவருக்கும் என் கேள்விதான் வந்திருக்கு பாரு."

அந்தக் கருத்தைப் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை என்பதையும் சொன்னேன். 2000இல் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் கணக்குப் போட்டார். உடம்பின் சூட்டில், மூளையின் ஈரத்தில், அப்படிப்பட்ட மென்மையான நிலை ஒரு வினாடியின் பத்து லட்சம் கோடி பாகங்களில் ஒன்றுகூட நிற்காது என்று வந்தது. குவாண்டம் கணினிகள் பலவற்றை வைக்கப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 273 டிகிரி குளிர் வேண்டியிருக்கிறது. நம் மூளை 37 டிகிரியில் இருக்கிறது. ஆனாலும் வலசைப் பறவைகளின் கண்ணில் பூமியின் காந்தத்தை உணரும் குவாண்டம் ஏற்பாடு இருக்கலாம் என்று ஐரோப்பாவின் ராபின் பறவையை வைத்துச் சோதித்துவருகிறார்கள், சூடான உயிருடம்பில் இதற்கெல்லாம் இடமே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. இதைச் சொன்னபோது அக்கா கோடியக்கரைக்கு வரும் பறவைகளைக் கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை அவற்றை யாரும் அப்படிச் சோதித்ததாகப் படித்ததில்லை என்றேன். பென்ரோஸ் சொல்வது தப்பாகவே இருக்கட்டும், தப்பு என்று காட்ட வழி வைத்துச் சொல்கிறார். அந்த வெல்வெட் பெட்டிக்காரரிடம் அந்த வழி இல்லை. நான் வார்டில் சொன்னதிலும் இல்லை.

மனதை அறிய இன்னொரு பாதையும் இருக்கிறது என்பதற்கு அதே அல்லாடி வீட்டைத்தான் காட்டினேன். ராமகிருஷ்ணனின் சகோதரி மகன் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து மூளை ஆராய்ச்சிக்குப் போனவர். கை வெட்டப்பட்ட பிறகும் இல்லாத கையில் வலிக்கிறது என்று அழுகிறவர்களுக்கு, ஓர் அட்டைப்பெட்டியும் கண்ணாடியும் வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு இறுகிக்கிடந்த அந்த இல்லாத கை தளர்ந்தது. நம் உடம்பு என்று நாம் உணர்வதே மூளை வரைந்துகொண்ட ஒரு படம் என்பது அதில் தெரிந்துபோயிற்று. குவாண்டம் என்ற சொல்லே அதில் வரவில்லை. மாமன் ஒரு மர்மத்தின் பின்னால் போனார், மருமகன் இன்னொன்றின் பின்னால். நமக்குத் தெரியாத இரண்டை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுவிட்டால் இரண்டும் தெரிந்துவிட்டதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் நான் ஏமாந்தேன்.

வைகாசி முடியும்போது கட்டி திரும்ப வந்திருந்தது. இந்தத் தடவை டாக்டர்கள் கத்தி வைக்க வேண்டாம் என்றார்கள். அவள் பேச்சு குறைந்தது. இரவில் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தோம். என் முறை இரண்டிலிருந்து விடியும்வரை.

அந்த இரவுகளில் எனக்கு இயற்பியலாளர் சுதர்சன் நினைவாகவே இருந்தது. கோட்டயத்துக்காரர், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் சென்னையின் அதே கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். 1977இல் பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து ஒரு முடிவை எழுதினார். சிதையும் துகளை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது சிதையாது. 1990இல் அமெரிக்காவில் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளைப் பிடித்துவைத்து, கால் வினாடிக்குள் 64 முறை லேசரால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டிய அயனிகள் பெரும்பாலும் மாறாமல் அப்படியே நின்றன. தனித்து அடைத்துவைக்கப்பட்ட அயனிக்கு அது உண்மை. அங்கே பார்த்தது லேசர். அக்காவுக்கு அது பொருந்தாது, என் கண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் மார்பு ஏறி இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண் கட்டும்போது எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்காருவேன்.

அந்த வாரம் ஆனிப் பௌர்ணமி. காரைக்காலில் புனிதவதியின் நினைவாக, சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். சிறுவயதில் அக்காவின் தாவணியை நாலு மூலையும் பிடித்து விரித்துக் கூட்டத்தில் நின்று பிடித்திருக்கிறோம். அன்று என் பேரன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதை வாங்கிக்கொண்டு போய் அவள் உள்ளங்கையில் வைத்தேன். சாப்பிட முடியாது. மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று பழத்தை எடுக்கப் போனேன்.

"தம்பி. இந்த வாசனை பழத்துலயா இருக்கு, எங்கிட்டயா இருக்கு?"

பழத்திலிருந்து சில மூலக்கூறுகள் காற்றில் ஏறுகின்றன. மூக்கில் போய் ஒட்டுகின்றன. நரம்பில் ஒரு துடிப்பு கிளம்பி மூளைக்குப் போகிறது. அதுவரை எனக்குச் சொல்லத் தெரியும். அந்தத் துடிப்பு எந்த இடத்தில் மாம்பழ வாசனையாக ஆகிறது என்பதற்குத் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்று ஒரு பெயர் வைத்தார், பெயர் மட்டும்தான் வைக்க முடிந்தது.

"தெரியலக்கா."

"இந்தா, நீயும் மோந்து பாரு" என்று பழத்தை என் பக்கம் நீட்டினாள். கீழே விழுந்து அடிபட்ட இடத்தில் தோல் கன்றி, லேசாகச் சாறு கசிந்து அவள் விரலில் ஒட்டியிருந்தது.